மடங்காத பின்சீட்டு

8 ஜூன் 2025, ஞாயிறு

தேனிக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினேன். வியாபாரி காட்டிய வண்டியில் மீட்டர் முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் என்றது. பிரேக் மிதியின் ரப்பரோ தேய்ந்து இரும்பு தெரிந்தது. "ஒரு வாத்தியார் ஓட்டின வண்டி சார், ஸ்கூலுக்கும் வீட்டுக்கும் மட்டுந்தான்" என்று கூசாமல் சொன்னான். கூட வந்த மெக்கானிக் இத்ரீஸ், "அந்த ஸ்கூலு டெல்லியிலயா இருக்கு?" என்று கேட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் பொருத்துகிறவன் நான். ஆறடிக் குழாய் உள்ளே போக வேண்டும். மனைவி பவானிக்கு வேண்டியது வேறு. "குட்டியானையில போயி சம்பந்தி வீட்டு வாசல்ல இறங்க மாட்டேன், பாத்துக்கங்க." மகள் கௌமாரிக்கு ஏழாம் மாதம். 27ஆம் தேதி போடியில் வளைகாப்பு. பிள்ளையைச் சொந்தக் காரில் அழைத்து வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

இரண்டுக்கும் பொதுவாக ஒரே வகைதான் உண்டு. டிக்கி வரை கூரை நீண்டு போகிற கார். எஸ்டேட் மாடல் என்கிறான் இத்ரீஸ். இப்போது யாரும் கேட்பதில்லையாம், பழையதுதான் தேட வேண்டும். கையில் இருப்பது இரண்டு லட்சம்.

11 ஜூன், புதன்

குமுளியில் ஒன்று. கேரளா நம்பர், பார்க்க மணப்பெண் மாதிரி இருந்தது. இத்ரீஸ் சீட்டுக்கு அடியில் விரலை விட்டு வழித்தான். காய்ந்த சேறு. "வெள்ளத்துல நின்னதுண்ணே, வாங்க போவோம்." டீ மட்டும் குடித்துவிட்டு வந்தோம்.

12 ஜூன், வியாழன்

உத்தமபாளையம். அமானுல்லா பாய் வீட்டு வண்டி. அரிசிக் கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருக்கிறார், முழங்கால் வலி, ஓட்ட முடியவில்லை. சாம்பல் நிறம். பதினாறு வயது, ஆனாலும் போன வருடம்தான் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறார். பின்சீட்டு இரண்டு பாகமாக மடங்குகிறது. இத்ரீஸ் பானெட்டுக்குள் தலையை விட்டவன் வெளியே எடுக்கவே இல்லை. அவன் அப்படி நின்றால் வண்டி பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

டேப்பை மறந்து வந்திருந்தேன். என் உயரம் ஐந்தடி ஒன்பது. சீட்டை மடக்கிவிட்டு நானே ஏறி மல்லாந்து படுத்துப் பார்த்தேன். தலைக்கு மேல் நாலு விரல் மிச்சம். குழாயைக் கொஞ்சம் சாய்த்தால் போதும் என்று யோசித்தபடி படுத்துக் கிடக்கிறேன், பாய் டிக்கிப் பக்கம் குனிந்தார்.

"தம்பி, மறைக்கக் கூடாது. இதுல மௌத்தானவுகள, அதான் இறந்துபோனவுகள, ஏத்திருக்கேன். ஒம்பது வருசமா. மதுரையிலருந்து, தேனியிலருந்து, மேல தோட்டத்துலருந்து. காசு வாங்கினதில்ல, என்ன சாதின்னு கேட்டதில்ல. எல்லாரும் நீங்க படுத்திருக்க மாதிரிதான் வந்தாக."

எழுந்த வேகத்தில் கூரையில் மண்டை இடித்தது.

அவர் சிரிக்கவில்லை. "மனசுக்கு ஒப்பலைன்னா விட்டுருங்க, வருத்தமில்ல. ஒப்புச்சுன்னா ஒரு லட்சத்து இருபது குடுங்க போதும். அதோட ஒரே ஒரு பேச்சு. அவசரம்னு யாராச்சும் கேட்டா இல்லைன்னு மட்டும் சொல்லிறாதீக."

"சரி பாய்" என்றேன். விலை காதில் விழுந்ததும் சொன்னேன். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

15 ஜூன், ஞாயிறு

வண்டி எடுத்தாயிற்று. நேரே வீரபாண்டி. கௌமாரியம்மன் கோயில் முன்னால் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து நசுக்கினேன். மஞ்சள் தண்ணீரை வண்டிக்குள்ளும் தெளித்தேன். பூசாரி, "உள்ள எதுக்குய்யா?" என்று கேட்டார். சும்மா என்றேன்.

டிக்கிக்குள், இறந்தவர்களைப் படுக்க வைத்துக் கட்டுவதற்கென்று பாய் விட்டிருந்த இரண்டு கான்வாஸ் பெல்ட்டும் ஒரு அலுமினியத் தகடும் இருந்தன. பவானி குளிக்கப் போன நேரம் பரணில் பழைய குழாய்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

"யாரு வண்டிங்க?" என்று கேட்டாள்.

"ஒரு வாத்தியார் ஓட்டின வண்டி. ஸ்கூலுக்கும் வீட்டுக்கும் மட்டுந்தான்."

விற்றவர் உண்மையைச் சொன்னார். வாங்கினவன் பொய் சொல்கிறேன். இந்த லட்சணத்தில் தேனிக்காரனைத் திட்டினேன்.

19 ஜூன், வியாழன்

குழாய் அழகாக உள்ளே போகிறது. காலையில் ஏற்றும்போது பக்கத்து வீட்டுப் பவுனும் அவள் புருசன் வேல்பாண்டியும் ஜீப்புக்காக நின்றிருந்தார்கள். கம்பம்மெட்டுக்கு மேலே, கேரளா பக்கம், ஏலத்தோட்டத்தில் இரண்டு பேருக்கும் வேலை. நான் சீட்டை மடக்குவதைப் பார்த்துவிட்டு, "கட்டிலே போடலாம் போலருக்கேண்ணே" என்றாள் பவுனு. "ஏ புள்ள, உன் கொறட்டைக்கு ஊரே முழிச்சுக்கும்" என்றான் வேல்பாண்டி. அவள் தூக்குவாளியால் அவன் முதுகில் ஒன்று போட்டாள்.

24 ஜூன், செவ்வாய்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மத்தியானம் பன்னிரண்டரை. பவுனு போன் செய்தாள். குரல் அவள் குரலாகவே இல்லை. காய் எடுத்துக்கொண்டிருக்கும்போது வேல்பாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். மேலே ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். முடிந்துவிட்டது. அங்கிருந்த ஆம்புலன்ஸ் வேறு கேஸுக்குக் கோட்டயம் போயிருக்கிறதாம்.

"அண்ணே, வண்டி வருமா? இவுகள படுக்க வச்சுக் கொண்டாரணும்ணே."

பவானி பக்கத்தில் உட்கார்ந்து வளைகாப்புக்கு வளையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சிவப்பும் பச்சையுமாகப் பாய் முழுக்க. இன்னும் மூன்று நாள். அந்த வண்டியில் இன்றைக்குப் பிணத்தை ஏற்றினால் வெள்ளிக்கிழமை பிள்ளையை ஏற்றவிடுவார்களா? சம்பந்தியம்மா என்ன சொல்லுவாள்? யாராவது துருவி, முன்னாலும் ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால்? எல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் ஓடியது.

"பின்சீட்டு மடங்க மாட்டேங்குது தாயி. ஜாம் ஆயிருச்சு."

"சரிண்ணே" என்றாள்.

ஐந்து நாளைக்கு முன்னால் அவள் கண் முன்னாலதானேடா மடக்கின? வேற பொய்யே கெடைக்கலையா உனக்கு?

நாலரை மணிக்கு ஜீப் வந்தது. தினம் அவர்களை ஏற்றிப் போகிற அதே ஜீப். நடுச்சீட்டில் இந்தப் பக்கம் பவுனு, அந்தப் பக்கம் அவள் கொழுந்தன். நடுவில் வேல்பாண்டி. உட்கார்ந்திருந்தான். தாடையைத் துண்டால் கட்டி, நெஞ்சை இன்னொரு துண்டால் சீட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தலை சாயாமல் இருக்கப் பவுனு அவன் நெற்றியில் கை வைத்துப் பிடித்திருந்தாள். அத்தனை வளைவிலும் அப்படியே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

இறக்கிக் கீழே படுக்க வைத்தால் முழங்கால் நீளவில்லை. உட்கார்ந்த மேனிக்கே விறைத்துவிட்டது. வெந்நீர் ஊற்றித் தேய்த்தார்கள். நானும் ஒரு காலைப் பிடித்தேன். அந்தக் கை எப்படி எனக்கு நீண்டது? என் வண்டி பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தது.

27 ஜூன், வெள்ளி

வளைகாப்பு முடிந்தது. கௌமாரி பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு வந்தாள். "எம்புட்டு எடம்ப்பா! நல்ல வண்டியா பாத்துத்தான் எடுத்திருக்கீக." கை நிறைய வளையல் குலுங்கியது.

2 ஜூலை, புதன்

எட்டு நாளாகக் குழாயைக் கூரை மேல் கட்டிக்கொண்டு போகிறேன். சீட்டு மடங்காது என்று சொன்னவன் மடக்கினால் தெரு பார்க்காதா? ஒரு பொய்யைக் காப்பாற்றத் தினமும் ஏணி போட்டு ஏறிக் கயிறு கட்டுகிறேன். இன்றைக்கு ராயப்பன்பட்டிப் பக்கம் கயிறு அவிழ்ந்து குழாயெல்லாம் ரோட்டில் உருண்டது. பின்னால் பைக்கில் வந்தவர் நிறுத்தி எடுத்துக் கொடுத்தார். "உள்ளதான் எடம் கெடக்கே, ஏங்க மேல கட்டுறீக?" என்றார்.

இத்ரீஸ் காதுக்கும் போயிருக்கிறது. "சீட்டு ஜாம்னாகளே, கொண்டாங்க பாப்போம்" என்று போன் செய்தான். வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

9 ஜூலை, புதன்

வேல்பாண்டிக்குப் பதினாறாம் நாள். பந்தியில் ஓரமாக உட்கார்ந்து பாதி இலையில் எழுந்தேன். கை கழுவுகிற இடத்தில் பவுனு நின்றிருந்தாள். ஓடிவிடலாம் என்று பார்த்தேன், வழியில்லை.

"சீட்டு சரியாயிருச்சாண்ணே?"

குத்திக் கேட்டாளா, ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டாளா? முகத்தில் ஒன்றும் இல்லை. குத்தியிருந்தால் தேவலை. "இன்னும் இல்ல" என்று சொன்னேன். மறுபடியும் பொய்! பதினாறு நாள் கழித்து, அவள் வீட்டுச் சோற்றைத் தின்ற வாயால்.

10 ஜூலை, வியாழன்

பவானியிடம் சொல்லிவிட்டேன். பாய், அவர் கேட்ட வாக்கு, பரணில் இருக்கும் பெல்ட், சீட்டு — எல்லாம். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கை நின்றது.

"வாத்தியார் வண்டின்னீகளே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பொணம் போன வண்டின்னு அன்னைக்கே சொல்லிருந்தா கத்திருப்பேன். ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கிட்டுத் திரிஞ்சிருப்பேன். அம்புட்டுத்தான? அதுக்குப் பயந்துக்கிட்டு அந்த மனுசன உக்கார வச்சுக் கொண்டார விட்டீகளே! நானும் பக்கத்துலதான் வளையலப் பிரிச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டீகளா?"

கீரையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய் அழுதாள்.

13 ஜூலை, ஞாயிறு

உத்தமபாளையம் போனேன், சாவியைக் கொடுத்துவிடலாம் என்று. பாயிடம் ஒன்று விடாமல் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசட்டும் என்றுதான் போனேன்.

"அவுக பேரு என்ன?" என்று கேட்டார்.

"வேல்பாண்டி."

"வேல்பாண்டி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு மருமகள் ரஃபியாவைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார். சாவியை நீட்டினேன். "முட்டி வலிக்காரன் கையில குடுத்து என்ன செய்ய? நீங்களே வச்சுக்கங்க" என்று திருப்பி என் சட்டைப் பையில் போட்டார். டீயைக் குடித்தேன். வாசலில் வண்டியைப் பார்த்துவிட்டு, "மேல என்ன கோடு கோடா? பெயிண்டு போயிருக்கே" என்றார்.

கயிறு அறுத்த கோடு. அதையும் சொன்னேன். அப்போதுதான் அவர் முகம் லேசாகச் சுருங்கியது.

15 ஜூலை, செவ்வாய்

கொடியில் இரண்டு கான்வாஸ் பெல்ட் காய்கிறது. பவானி பரணில் ஏறி எடுத்துச் சோப்புப் போட்டுத் துவைத்திருக்கிறாள். கௌமாரி, "அதென்னம்மா?" என்று கேட்டதற்கு அவளே உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். நான் கொல்லைப்புறம் நின்றுகொண்டு கேட்டேன்.

16 ஜூலை, புதன்

காலை ஏழு மணி. பவுனு ஜீப்புக்கு நின்றாள், இன்றுதான் மறுபடி வேலைக்குப் போகிறாள். அவள் பார்க்கும்படி சீட்டை மடக்கிக் குழாயை உள்ளே ஏற்றினேன்.

"அன்னைக்கும் மடங்குச்சு தாயி" என்றேன்.

"தெரியும்ணே."

ஜீப் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

30 ஆகஸ்ட், சனி

புதன்கிழமை பேத்தி பிறந்தாள். இரண்டே முக்கால் கிலோ. ஆஸ்பத்திரியிலிருந்து இன்று நம் வண்டியில்தான் வந்தாள். சம்பந்தியம்மாவுக்கு விசயம் தெரியும், கௌமாரியே சொல்லிவிட்டாள். அந்தம்மா முன்சீட்டில் உம்மென்று உட்கார்ந்து வந்தார். ஆனால் ஏறினார்.

பவுனு குழந்தையைப் பார்க்க வரவில்லை. துக்கம் இருக்கிற வீடு, வர மாட்டாள்தான். அதனால்தான் என்று நானும் சொல்லிக்கொள்கிறேன்.

17 செப்டம்பர், புதன்

பகல் பதினொன்றுக்குப் பவுனு போன்.

"அண்ணே, வண்டி வருமா?"

அதே வார்த்தை. "வர்றேன்" என்ற பிறகுதான் யாருக்கு, எங்கே என்று கேட்டேன். தோட்டத்தில் உடன் வேலை செய்த பெரியவர், கடமலைக்குண்டுக்காரர், சாக்குக் கட்டும்போது சாய்ந்துவிட்டாராம். சம்சாரம் மட்டும்தான் கூட. பவானி பெல்ட்டையும் தகட்டையும் வெள்ளை வேட்டி ஒன்றையும் எடுத்து வந்து டிக்கியில் வைத்தாள்.

மேலே போய்ப் பின்சீட்டில் ஒரு பாகத்தை மட்டும் மடக்கினேன். தகட்டைப் போட்டு, வேட்டி விரித்து, நாலு பேராகப் பிடித்து அவரைப் படுக்க வைத்தோம். கால் நன்றாக நீண்டது. மீதிச் சீட்டில் அந்த அம்மா அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். துணைக்கு வருகிறேன் என்று பவுனு தானாகவே முன்கதவைத் திறந்து ஏறினாள்.

செக்போஸ்டில் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டிவிட்டு இறக்கத்தில் விட்டேன். எனக்குப் பேச வாய் ஏது? இதைச் செய்துவிட்டதால் அது இல்லை என்று ஆகிவிடுமா? வேல்பாண்டி இந்த வளைவுகளில்தான் உட்கார்ந்தபடி வந்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் வலது கை தானாக எழுந்து, பிடிக்க எதுவும் இல்லாமல் மடியில் விழுந்தது. முதல் இரண்டு தடவை எனக்குப் புரியவில்லை. மூன்றாவது தடவை கண்ணைத் துடைக்க வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று.

மறுபடி எடுத்தபோது கொஞ்சம் வேகமாகத் திருப்பிவிட்டேன் போல. பவுனு பின்னால் திரும்பிப் பெரியவரைப் பார்த்தாள்.

"மெல்லப் போங்கண்ணே" என்றாள். "படுத்திருக்காகல்ல."

கடமலைக்குண்டு வரைக்கும் மெல்லவே போனேன்.