பூசைக்குப் பின் ஒரு காணி அறிவித்தல்

அக்டோபர் 12, ஞாயிறு இரவு. டூட்டிங், லண்டன்.

இன்று கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடிய, சுவாமியார் வழமைபோல, "வேறு அறிவித்தல் உண்டோ?" என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

சித்தப்பாவின் மகன் செல்வம் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் தன் பங்குக் காணியான வளவைக் கொழும்பு ஹோட்டல்காரர் ஒருவருக்கு விற்கப் பேசியிருக்கிறான். அங்குள்ள கிணற்றில் எனக்கும் அடுத்த வளவுக்காரி, இப்போது இங்கே லண்டனில் இருக்கும் மரியம்மா அக்காவுக்கும் பங்கு உண்டு. வாங்குகிறவர் மதில் கட்டினால் எங்கள் வளவுகளுக்குத் தண்ணீர் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காணிக் கட்டளைச் சட்டங்களை வருடக்கணக்காகப் படித்து வருகிறேன். யாழ்ப்பாணத்தில் விற்குமுன் பங்காளிக்கும் அயல் காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும்; அதே விலைக்கு வாங்க முதல் உரிமை அவர்களுக்கே. அதற்காக முன்பு மூன்று ஞாயிறு கோயிலில் கூறுவார்களாம். லண்டன் கோயிலில் கூறினால் செல்லுமா? சந்தேகம்தான். ஆனாலும் செல்வத்தின் வளவு விலைக்கு வருகிறதென்று எல்லோர் முன்னும் கூறிவிட்டேன்.

வாசலில் செல்வம் மறித்தான். "அண்ணை, உங்களுக்கு விசரோ? கட்டளை போட்ட வெள்ளைக்கார ராசா எப்பவோ செத்திட்டார்!"

"ராசா செத்தாலும் கிணறு இருக்குதடா."

அதற்குள் மரியம்மா அக்கா பொல்லை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டா. "தம்பி செல்வம், எனக்கு ஏன் சொல்லேல்லை? அந்த ஹோட்டல்காரன் தாற விலைக்கு நான் வாங்கிறன்."

செல்வம் நிலத்தைப் பார்த்தான். "யோசிச்சுச் சொல்லுறன் அக்கா."

யோசிக்கட்டும். கட்டளைப்படி இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது. அடுத்த முறை கடைசி வாங்கு வரிசையில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும்.