தையலைப் பற்றிக் கேட்ட தகப்பன்

அன்பு மகள் வாயாடிக்கு,

இங்கே என் வாயைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீயும் குட்டிப்பயலும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். நாலு நாளைக்கு முன் போனில், உன் ஆபரேஷனைப் பற்றிப் பேசுகையில், "தையலெல்லாம் நேரா போட்டிருக்காங்களாம்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன், நீ போனை வைத்துவிட்டாய். காலமெல்லாம் துணி தைத்தவன் புத்தி வேறெங்கே போகும். அன்றிலிருந்து உன் அம்மா என்னோடு பேசவில்லை, சாப்பாட்டுத் தட்டு வைக்கிற சத்தம்தான் பேசியது.

நேற்றுதான் வாயைத் திறந்தாள். "நான் பெக்கலம்மா, அவங்க எடுத்துக் குடுத்தாங்க" என்று நீ அழுதாயாம், பிள்ளையைத் தூக்கினால் யார் வீட்டுப் பிள்ளையையோ தூக்குகிற மாதிரி இருக்கிறது என்றாயாம். தாயும் பிள்ளையும் பிழைத்து நன்றாக இருக்கையில் அழுகை எதற்கு என்று என் மண்டைக்கு எட்டவில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு, நம்மிடம் யூனிபார்ம் தைக்கிற பிரசவ நர்ஸம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வயிற்றுப்பிள்ளைக்காரிகளோடு டோக்கன் வாங்கி நானும் வரிசையில் உட்கார்ந்தேன். "உங்களுக்கு எத்தனாவது மாசம் அண்ணே?" என்று வெளியே வந்த நர்ஸம்மா கேட்க, வரிசையே சிரித்தது. என் தொப்பையும் அந்தக் கேள்விக்குத் தகுந்தாற்போல்தானே இருக்கிறது.

உள்ளே போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. "சுகப்பிரசவம்னு நெனச்சுட்டிருந்த பொண்ணத் திடீர்னு தூக்கிட்டுப் போய் அறுத்தா, உடம்பு வீட்டுக்கு வந்துடும், மனசு வர நாளாகும். எல்லாருக்கும் அப்படின்னு இல்ல, சுகப்பிரசவம் ஆனவளுக்கும் வரும். நீ ஒண்ணும் தோத்துப் போகலன்னு அவகிட்ட யாராவது சொன்னீங்களா?" என்றார். எங்கே சொன்னோம்? நார்மலா ஆபரேஷனா என்றுதான் ஊரே கேட்டது. உன் அத்தை "வலி தெரியாம பெத்துட்டா, குடுத்துவெச்சவ" என்றபோது நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன்.

ரெண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டுமாம். உனக்கு மூணு வாரம் ஆகிறது, அதனால் இந்த வாரமே போ. பிள்ளைக்குக் காட்டப் போகிறேன் என்று சொல்லி மழுப்பாதே, உனக்காகப் போ. வெட்கமாக இருந்தால் நான் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொள். ராத்திரி ஒரு தடவையாவது மாப்பிள்ளை எழுந்து பிள்ளையைப் பார்க்கட்டும், நீ தூங்கு. கனமான வாளியைத் தூக்காதே. பிள்ளையும் நீயும் நூறு வயசு நல்லா இருக்கணும்.

பிள்ளை பிறந்த அன்று மாப்பிள்ளை போன் செய்து "பையன்" என்றதும் வீடே குதித்தது. எடை என்ன, யார் ஜாடை என்று ஆளாளுக்குப் போனைப் பிடுங்கினார்கள். என் கைக்கு வந்தபோது நானும் யார் ஜாடை என்றுதான் கேட்டேன். என் பிள்ளை கண் முழிச்சுட்டாளா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

உன் அப்பா