ஓசூரிலிருந்து ஓட்டி வந்தவள்

10 மே 2025, சனி. ஓசூர்

நாளை விடியற்காலை கிளம்புகிறோம். பெரம்பலூர், அரியலூர், திருமானூர் என்று இவருடைய சொந்தங்களையும் பழைய சிநேகிதரையும் பார்த்துவர ஒரு வாரம். மகள் ஆர்த்தி பத்தாவது பரீட்சை முடித்த லீவு.

வண்டி ஓட்டப் போவது நான். சர்க்கரையால் இவருக்கு வலது கண் பார்வை போய், இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. நான் லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம்.

சாப்பிடும்போது சொன்னார்: "கண்ணு விஷயம் ஊர்ல யாருக்கும் தெரிய வேணாம், தேவயானி."

சரி என்றேன். அரியலூரில் பதினாலு வருஷம் சிமென்ட் லாரி ஓட்டியவர். அன்பழகன் என்றால் அங்கே வண்டிதான் ஞாபகத்துக்கு வரும்.

11 மே, ஞாயிறு. பெரம்பலூர்

ஓட்டிவிட்டேன்! தொப்பூர் இறக்கத்தில் முன்னும் பின்னும் லாரி. கை வேர்த்து வழுக்கியது. "செகண்ட் கியர்லயே விடு, பிரேக்க மிதிச்சிக்கிட்டே இருக்காத" என்று இவர் பக்கத்திலிருந்து மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆத்தூர் தாண்டியதும் மழை. அதிலும் ஓட்டினேன்.

ஊருக்குள் நுழையும்போது ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தச் சொன்னார். "இங்கேருந்து நான் எடுக்கிறேன். ரெண்டு தெருதான்."

இடம் மாறினோம். இவருடைய சித்தி பெரியம்மாள் வாசலுக்கு ஓடி வந்தார். "அம்மாந் தூரமும் ஒத்த ஆளா ஓட்டியாந்தியாடா? எஞ் சிங்கம்!"

இவர் சிரித்தார். சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். ஆர்த்தி என்னைப் பார்த்தாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

எனக்கென்ன, பாராட்டு வேண்டுமா? வேண்டும்தான். நாற்பத்திரண்டு வயதில் பயந்து பயந்து கற்றுக்கொண்டது. வேண்டும்தான்.

12 மே

சித்தி வீட்டில் கறிக்குழம்பு. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

13 மே, செவ்வாய். அரியலூர்

தப்பித்தோம்.

ஊர் எல்லையில் இன்றும் மாறிக்கொண்டார். வலதுபக்கம் கிளை ரோட்டிலிருந்து சிமென்ட் லாரி ஒன்று திரும்பியது. இவருக்குத் தெரியவே இல்லை. "அப்பா!" என்று ஆர்த்தி கத்திய பிறகுதான் பிரேக் மிதித்தார். ஒரு முழம். அவ்வளவுதான் இடைவெளி. லாரிக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

நான் இறங்கிப் போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"எறங்குங்க. ஒங்களுக்கு மானம் பெருசா இருக்கலாம். எனக்கு நீங்களும் இவளும்தான் பெருசு."

நடுரோட்டில், அந்தக் குரலில் — நானா பேசினேன்? இறங்கிவிட்டார்.

கூட லாரி ஓட்டிய சிநேகிதர் வீரமுத்து வீட்டு வாசலில் நான்தான் நிறுத்தினேன். "என்னடா, தங்கச்சி ஓட்டியாருது?" என்றார் அவர். "கையில சுளுக்குடா" என்றார் இவர். வீரமுத்து கையைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இவர் சரியாகச் சாப்பிடவில்லை.

14 மே, புதன். திருமானூர்

கரும்புக் காடெல்லாம் தாண்டி ஊர் வந்தது. வேகத்தைக் குறைத்தேன். இவர் சொன்னார்: "எதுக்கு நிறுத்துற? நேரா வூட்டு வாசலுக்கே போ."

இவருடைய அண்ணன் அரங்கநாதன் வாசலிலேயே நின்றிருந்தார். பார்த்ததும் சிரித்தார். "பொண்டாட்டிய ஓட்ட வுட்டுட்டு நீ ஒக்காந்து வர்றியா? ஊர்ல சிரிப்பாங்கடா."

"சிரிக்கட்டும்ண்ணே. எனக்கு வலது கண்ணு தெரியல. எட்டு மாசமாச்சு. ஓசூர்லேருந்து இவதான் ஓட்டியாந்தா. தொப்பூர் எறக்கத்துல லாரிங்களுக்கு நடுவுல எறக்குனா பாரு… எங்கிட்ட வண்டி கத்துக்கிட்ட பய ஒருத்தனும் அப்புடி எறக்குனதில்ல."

மாமாவின் சிரிப்பு நின்றது. கிட்டே வந்து, தம்பியின் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "எந்தக் கண்ணுடா? அண்ணங்கிட்டக்கூடச் சொல்ல மாட்டியா?" ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தொப்பூர்லயா?" என்றார்.

"ஆமா மாமா" என்றேன். கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

15 மே, வியாழன்

மாமா தம்பியைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்: "கொளஞ்சிய கங்கைகொண்ட சோழபுரத்துல அவ அம்மா வூட்ல எறக்கி வுடுறியாம்மா?"

இவர் தானாகவே பின்கதவைத் திறந்து ஆர்த்தி பக்கத்தில் உட்கார்ந்தார். மாமாவின் மனைவி கொளஞ்சியம்மாள் அக்கா முன்னால். ஜெயங்கொண்டம் வரை கைப்பிடியை விடவே இல்லை. முந்திரித் தோப்புகளுக்கு மேல் கோபுரம் தெரிந்ததும், "இன்னுங் கொஞ்சம் வெரசாத்தான் ஓட்டேன்" என்றார். வண்டியே குலுங்கச் சிரித்தோம்.

17 மே, சனி. ஓசூர்

வந்து சேர்ந்தோம்.

வேறு யார் ஓட்டினாலும் இவர் தூங்கி நான் பார்த்ததில்லை. பஸ்ஸில்கூட டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு வருவார். இன்று ஆண்டிமடம் தாண்டியதுமே பக்கத்து சீட்டில் தலை சாய்ந்துவிட்டது. வாய் திறந்து, குறட்டை வேறு. ஆர்த்தி போட்டோ எடுத்தாள்.

விருத்தாசலத்தில் ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டேன். அதற்கும் எழவில்லை.