நான் தைத்துக் கொடுத்த பெல்ட்

மார்ச் 4, செவ்வாய்
எங்கள் பனியன் கம்பெனி செக்கிங்கில் புதிதாய்ச் சேர்ந்த பெண் என் வயிற்றைப் பார்த்து, "எத்தன மாசங்க்கா?" என்றாள். என் மகன் பத்தாவது படிக்கிறான்! தொப்புளுக்கு மேல் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்பு. ஹெர்னியா, அதாவது குடலிறக்கம் என்று போன வருஷமே சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பயந்து, ஜட்டி எலாஸ்டிக்கை மூன்று வரிசை சேர்த்து நானே பெல்ட் தைத்து இறுக்கிக்கொண்டேன். டெய்லருக்கு டாக்டர் எதற்கு?

மார்ச் 6
பக்கத்து மெஷின் மருதாளக்காவுக்கும் இதே புடைப்பு. "எனக்கும் ஒண்ணு தெச்சுக் குடு கண்ணு." சாப்பாட்டு நேரத்தில் தைத்துக் கொடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 13
காலையிலிருந்து வாந்தி. புடைப்பு கல்லாகிவிட்டது, அழுத்தினாலும் உள்ளே போகவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம்.

மார்ச் 15, சனி
முந்தாநாள் ராத்திரியே ஆபரேஷன். மூன்று சின்னத் துளை, ஒன்றில் கேமரா. சிக்கிய குடலை உள்ளே இழுத்து, ஓட்டையை மூடி வலை வைத்திருக்கிறார்கள். டாக்டரம்மா என் பெல்ட்டைத் தூக்கிப் பார்த்தார். "குடல் வெளிய இருக்கும்போது இதை மேல கட்டி இறுக்கியிருக்கீங்க. இன்னும் அரை நாள் விட்டிருந்தா அழுகியிருக்கும்."

ஐயோ, அக்கா!

மார்ச் 16
பெல்ட்டைக் கழற்றிவிட்டு டாக்டரிடம் போகச் சொல்லி அக்காவிடம் போனில் கெஞ்சினேன். "உனக்கென்ன கிறுக்கா கண்ணு? இதக் கட்டுனதுக்கப்பறம்தான் இடுப்பே நிமுந்திருக்குது. வலியே இல்ல."

வலி இல்லையாம். அதுதானே எனக்குப் பயம்!

மார்ச் 17
நாலு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 18
படுக்கை கொள்ளவில்லை. "நீ என்ன டாக்டரா, பேசாம படு" என்கிறார் என் வீட்டுக்காரர் முனீஸ். டாக்டர் இல்லைதான். அப்புறம் எந்தத் தைரியத்தில் தைத்துக் கொடுத்தேன்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய்ப் போச்சே. அக்காவுக்கு ஏதாவது ஆனால் நான் எந்த முகத்தோடு அந்த லைனில் உட்காருவேன்?

மார்ச் 20, வியாழன்
முனீஸிடம் திட்டு வாங்கிக்கொண்டே ஆட்டோவில் அனுப்பர்பாளையத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைச் சாத்தச் சொன்னார். சேலையை விலக்கி மூன்று பிளாஸ்திரியையும் காட்டினேன்.

"இவ்வளவுதானா? வயித்தையே கிழிப்பாங்கன்னு இருந்தனே." ஒரு பிளாஸ்திரியை விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்பறம் ஏங்கண்ணு, நீ மொதல்லயே போகல?"

அழுதுவிட்டேன். அக்காதான் காப்பி போட்டுக் கொடுத்தார்.

மார்ச் 24, திங்கள்
அக்காவுக்குக் காலையில் ஆபரேஷன் முடிந்தது. குடல் சிக்கவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டரம்மா. மயக்கம் தெளிந்ததும் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"கண்ணு, கோவிச்சுக்காத. உன்னுதப் பாத்து நம்ம கம்பெனி மூக்கம்மாளுக்கும் நா ஒண்ணு தெச்சுக் குடுத்துட்டேன்."

சாயங்காலம் ஷிப்ட் விடும்போது கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும்.