பூஜையறைத் தரை

அன்பு மகனே,

இறையருள் உன்னைக் காக்க. பூஜையறையில் நீ உன் கையால் பூசிய மைக்ரோசிமெண்ட் தரை இன்னும் அந்த எண்ணெய்க் கறையோடுதான் இருக்கிறது. மேல்பூச்சு காய்வதற்குள், வெள்ளிக்கிழமை என்று அம்மா விளக்கேற்றிவிட்டாள். அவளைக் கடிந்துகொண்டு புறப்பட்ட நீ திரும்பவில்லை. அன்றுமுதல் அவள் சமையலறையில்தான் விளக்கேற்றுகிறாள்.

நேற்றுத் தரை போடும் குத்தகையாளர் சுகுமாரன் வந்து பார்த்தார். "வீட்டுக்காரங்க சொந்தமா பூசுனா இப்படித்தான்லா, ஐயா. பேத்துட்டுப் புதுசா போட்டுடலாம்" என்றார்.

அம்மா அறைவாசலை மறித்து நின்றாள். "எம் மகன் முட்டி போட்டுப் பூசுனது, தம்பி. கை வைக்காதீங்க."

கோயில் தரையை மெழுகிய அடியார்களின் கைத்திறனை இறைவன் அளந்ததில்லை. நீ இப்போது இருக்கும் செபராங் ஜெயாவிலிருந்து ஒருமுறை வந்து, நீயே அதைச் சரிசெய். காய்ந்துவிட்டது என்று இம்முறை நீ சொல்லும்வரை அவள் அங்கே விளக்கேற்ற மாட்டாள்.

உன் வரவை நோக்கியிருக்கும்,
அப்பா