மெஷினை எழுப்பும் சிடி

அக்டோபர் 3, வெள்ளி

ஆயுத பூஜை முடிந்து இன்றுதான் கம்பெனி திறந்தது. தகடு வெட்டும் மெஷினின் கம்ப்யூட்டர் எழவில்லை. கறுப்புத் திரை, அதில் ஒரே ஒரு வரி எழுத்து.

அதன் ஹார்ட் டிஸ்க் தானாகக் கிளம்பாது. உதயா இங்கே சர்வீஸ் பார்த்த காலத்தில் எழுதிக் கொடுத்த சிடி ஒன்று உள்ளேயே கிடக்கும், அதுதான் எழுப்பிவிடும். வருஷம் முழுக்க அணைக்காமல் ஓட்டுகிறோம். பூஜைக்கு மட்டும்தான் மெயின் சுவிட்சை இறக்குவது. அதனால் சிடி இருப்பதே எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

சிடி தட்டைத் திறந்தேன். காலி.

முதலாளி தட்சிணாமூர்த்தி சார் வந்து பார்த்தார். "தீபாவளிக்குள்ள இது எழுந்திரிக்கலன்னா புதுசு எறக்கிடுவேன்மா. விக்கிறவங்களே அத ஓட்ட ஆளும் அனுப்புறாங்களாம்." அப்போ நான்? இந்த ஒரு பழைய மெஷினைத் தவிர எனக்கு எதை ஓட்டத் தெரியும்? நாற்பத்தொரு வயதில் என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்?

அக்டோபர் 4, சனி

எல்லாரிடமும் கேட்டாயிற்று. எடுக்கவில்லை, பார்க்கவில்லை.

உதயாவுக்குப் போன் செய்தேன். இப்போது ஊரப்பாக்கத்தில் கண்காணிப்புக் கேமரா மாட்டிக்கொண்டிருக்கிறான். அந்த சிடியின் நகல் இருந்த லேப்டாப்பைக் காயலாங்கடைக்குப் போட்டுவிட்டானாம். நல்லா இருப்பா நீ! அவன் சொன்னபடி பென்டிரைவில் ஒன்று தயார் செய்து சொருகினேன். இந்தக் கிழத்துக்கு அது கண்ணிலேயே படவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

மீன் குழம்பில் உப்பு போட மறந்துவிட்டேன். வீட்டில் எல்லாரும் அப்படியே சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். அதுவும் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 6, திங்கள்

கிடைத்தது! எங்கே? லோடு வண்டியின் நெற்றியில். டெலிவரி முடிந்து உள்ளே வந்த வண்டியின் முன்னால் காய்ந்த மாவிலையோடு சிடிகளைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். நடுவில் ஒன்றில் என் கையெழுத்து: 'எடுக்காதே'.

கட்டியது சாருடைய மனைவி ஜெயக்கொடி அக்கா. பூஜைக்குத் துடைக்கும்போது கை பட்டுத் தட்டு வெளியே வந்ததாம். "ஏதோ பழைய படத்து பேருன்னு நெனச்சேன் ரோஹிணி. பளபளன்னு கீதேன்னு சேத்துக் கட்டிட்டேன்." கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. "அவர்கிட்ட சொல்லிடாத" என்றார். சொல்லவில்லை.

சோப்பு நீரில் கழுவி, பழைய வேட்டித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லத் துடைத்தேன். உள்ளே போட்டால் கரகரவென்று சுற்றி நின்றுபோனது. திரும்ப எடுத்து, திரும்பத் துடைத்து — வா, வந்துடு, என் மானத்த வாங்காத —

வந்துவிட்டது. பாத்ரூமில் போய் அழுதேன்.

அக்டோபர் 8, புதன்

உதயா தாம்பரத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கெஞ்சி வெற்று சிடிகள் வாங்கி வந்தான். நகல் எடுத்தோம். இன்றுதான் தூக்கம் வரும் போலிருக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

சார் ஒருவரை அழைத்து வந்தார். கீழ்க்கட்டளையில் பட்டறை வைத்திருக்கும் தோத்தாத்ரி. மெஷின் ஓடுவதைக் காட்டச் சொன்னார். பெருமை தாங்காமல் தகட்டில் பூவெல்லாம் வெட்டிக் காட்டினேன்.

அவர் போனதும் சார் தோளைக் குலுக்கிச் சிரித்தார். "ஓடாம இருந்தா எடைக்குத்தான் போயிருக்கும். உன் புண்ணியத்துல நல்லா வெல போவுதும்மா."

ஐயோ, நானே துடைத்து, நானே எழுப்பி, நானே வித்துட்டேனே! புதுசு எப்படியும் வரத்தான் போகிறது. எனக்குத்தான் இது தெரியாமல் போயிற்று. வீட்டில் என்னவென்று சொல்வது?

அக்டோபர் 18, சனி

லாரி வந்தது. தோத்தாத்ரியிடம் சிடியையும் நகல்களையும் கொடுத்துவிட்டேன். எப்படித் துடைக்க வேண்டும், எது வந்தால் எந்த பட்டனை அமுக்க வேண்டும் என்று சொல்லச் சொல்ல அவருக்கு வியர்த்தது.

அப்போது ஜெயக்கொடி அக்கா, யாரும் கேட்காமலே, கணவர் முன்னாலேயே சொன்னார். "சிடியக் கழட்டினது நான்தான். இவ இல்லாங்காட்டி இது அன்னிக்கே செத்துருக்கும். இவள வுட்டுட்டு மெஷின மட்டும் இட்டுகினு போய் இன்னா பண்ணுவீங்க?"

சார் வேறு பக்கம் பார்த்தார். தோத்தாத்ரி என்னைப் பார்த்து, "நீங்களும் வந்துடுறீங்களா?" என்றார். இங்கே வாங்கும் சம்பளத்தைவிடக் கூட வேண்டும் என்று நானா கேட்டேன்? நான்தான் கேட்டிருக்கிறேன். அவரும் சரியென்றார்.

கம்ப்யூட்டரைப் பின்னால் கட்டிவைக்கச் சொன்னார்கள். இந்த ரோட்டை நம்பியா! டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டேன்.