ஓடி நின்ற பிறகு

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

ஆமாம், அப்பாவேதான். யாரையும் பிடித்து உட்காரவைத்து எழுதச் சொல்லவில்லை. கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, மன்னித்துக்கொள். சில எழுத்து மேட்டில் ஏறுகிறது, சில எழுத்து பள்ளத்தில் இறங்குகிறது. பேனாவைக் கடிவாளம் மாதிரி இழுத்துப் பிடிக்கிறேன் என்று தையல்காரம்மா சிரிக்கிறார். விட்டால் ஓடிவிடுமோ என்று பயம், வேறென்ன. இரண்டு வரி போவதற்குள் விரல் மரத்துப்போகிறது. உதறிவிட்டு மறுபடி உட்காருகிறேன்.

தையல்காரம்மா வேறு யாருமில்லை, என்னோடு ஆராய்ச்சிக் கூடத்தில் நாய்களைப் பழக்கும் நம் நாய்க்காரரின் மனைவி. வேலை விட்டு வரும் வழியில் அவர்கள் கடையில் உட்காருவேன் என்று போனில் சொன்னேனே, வெட்டிப் பேச்சுக்கு என்று நினைத்திருப்பாய். துணி வெட்டும் மேஜையில் சாக்கட்டியால் எழுதிப் பழகினேன். தப்பானால் உள்ளங்கையால் துடைத்தால் போயிற்று. "அண்ணே, உங்க எழுத்து என்ன, வால் மிதிபட்ட நாய் மாதிரி சுருண்டு கிடக்கு" என்பார். "நாய்க்காரன் பொண்டாட்டிக்கு எல்லாம் நாயாத்தான் தெரியும்" என்று நான் சொல்வேன். இப்போது தெருவில் என்னால் சும்மா போக முடியவில்லை, கண்ணு. மருந்துக் கடை, சாவி செய்யும் கடை, 'இங்கே வண்டி நிறுத்தாதே', ஒன்று விடாமல் படிக்கிறேன். இவ்வளவு காலமும் ஊரே என் தலைக்கு மேல் பேசிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத்தான் காது கேட்கவில்லை.

முதல் கடிதத்தைச் சந்தோஷமாக எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்படி வரவில்லை. காகிதத்தை எடுத்து வைப்பதும், எழுந்து வாசல் வரை போவதும், திரும்பி வருவதுமாக இருக்கிறேன். மைதானத்தில் நீ மயங்கி விழுந்ததைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். போனில் அந்தப் பேச்சை எடுத்தாலே வெட்டிவிடுகிறாய். "அப்பா, இன்னொரு வாட்டி அதப் பேசினா நான் போனையே எடுக்க மாட்டேன், பாத்துக்கோ" என்றாய். சரி, பேசவில்லை. எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது. கோபத்தில் மடித்துப் பெட்டிக்குள் போட்டாலும் சொன்னது சொன்ன இடத்திலேயே இருக்கும். இது எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

முதலில் மிளகாயைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பந்தயக் குதிரை. நல்ல கருஞ்சிவப்பு. குணத்தைப் பார்த்து நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவள், கடைசிப் பந்தயத்தில் கோட்டைத் தாண்டி நின்றதும் தள்ளாடினாளாம். "சோம்பேறி ஆயிட்டா, என்னன்னு பாருங்க" என்று முதலாளி கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். எங்கள் கால்நடை டாக்டரம்மா கொட்டடியிலேயே அவள் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். ஒரு குறையும் இல்லை. ரத்தம் எடுத்தார், காலைத் தட்டிப் பார்த்தார், எல்லாம் சுத்தம்.

பிறகு ஓடுபட்டையில் ஏற்றினோம். சின்ன வயதில் நீ வந்து பார்த்திருக்கிறாயே, தரையோடு தரையாகச் சுற்றும் பெரிய ரப்பர்ப் பட்டை. குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடும், ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கும். மூச்சை அளக்க மூக்கில் வாளி மாதிரி ஒரு மூடி. நெஞ்சைச் சுற்றி ஒரு வார், அது இதயத் துடிப்பைத் திரைக்கு அனுப்பும். மிளகாய் ஓடிய ஓட்டத்தில் கூடமே அதிர்ந்தது. திரையில் கோடு தையல் மிஷின் போட்ட தையல் மாதிரி சீராகப் போயிற்று. டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். இன்னொரு நாளும் ஓடவிட்டோம். அன்றைக்கும் அப்படியே.

இங்கே எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டை நின்றதும் வாரை அவிழ்த்துவிடுவோம். வியர்வையில் வார் உரசும், மிளகாய்க்கு அது ஆகாது, உதைப்பாள். அதனால் பட்டை நிற்கும், வார் என் கைக்கு வரும், சூடு ஆற அவளை நடத்திக்கொண்டு போவேன். ஓடுவதைத்தானே பார்க்க வேண்டும், ஓடி முடித்த பிறகு பார்க்க என்ன இருக்கிறது? அப்படித்தான் எல்லோரும் நினைத்தோம், டாக்டரம்மா உட்பட.

போன வாரம் வாரின் கொக்கி சிக்கிக்கொண்டது. இழுக்கிறேன், வரவில்லை. மிளகாய் காதை மடக்கிவிட்டாள். வாரையே அறுத்துவிடலாம் என்று நாய்க்காரர் பக்கத்து அறையிலிருந்து கத்தியோடு ஓடிவந்தார். "தள்ளு மச்சான், பேனா புடிச்சுப் புடிச்சு உன் விரல்ல தெம்பே போச்சு" என்றார். அப்போது டாக்டரம்மா போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. "யாரும் கை வைக்காதீங்க! அப்படியே விடுங்க!" திரையைப் பார்த்தேன். அவ்வளவு சீராகப் போன கோடு கன்னாபின்னாவென்று குதித்தது. நாலைந்து துடிப்பு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது, பிறகு ஒரு வெற்றிடம், பிறகு மறுபடி. மிளகாய் தலையைத் தொங்கப் போட்டாள். பின்னங்கால் நடுங்கியது. நான் அவள் கழுத்தில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவளைத் தாங்கவா, நான் விழாமல் இருக்கவா, தெரியாது. கொஞ்ச நேரத்தில் கோடு தானாக அடங்கியது. ஒன்றுமே நடக்காதவள் மாதிரி என் சட்டைப் பையை முகர்ந்து பார்த்தாள்.

விரல் நிற்கச் சொல்கிறது. நாளைக்குத் தொடர்கிறேன்.

இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், தீவன மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் நாய்கள் போடும் சத்தத்துக்குக் குறைவில்லை. நாய்க்காரர் பக்கத்திலும் ஆராய்ச்சிதான். ஓடிக் களைத்த நாய்க்கு உடம்புச் சூட்டை எப்படிச் சீக்கிரம் இறக்குவது என்று பார்க்கிறார்கள். தானாகவே வாளித் தண்ணீரில் தலையை முக்கி எடுக்கப் பழக்குகிறார்கள். எல்லா நாயும் கற்றுக்கொண்டுவிட்டது, ஒன்றைத் தவிர. அதற்கு நாய்க்காரர் 'மாமியார்' என்று பெயர் வைத்திருக்கிறார். வாளியைப் பார்க்கும், நம்மைப் பார்க்கும், இதெல்லாம் ஒரு தண்ணீரா என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய். நானும் சிரிக்கிறேன். அடுத்த நொடி எழுந்து மிளகாயைப் பார்க்கப் போய்விடுகிறேன். என் கால் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். படுத்திருக்கும்போது நன்றாக இருக்கும் இதயம் ஓடும்போது காட்டிக்கொடுக்கலாம். ஓடும்போதும் நன்றாக இருந்துவிட்டு, வேகத்திலிருந்து ஓய்வுக்கு இறங்குகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் தடுமாறலாம். ஓடி நிற்கும் குதிரைக்கு ஒன்றிரண்டு துடிப்பு தப்புவது சகஜம்தான், ஆனால் மிளகாயுடையது அப்படிப்பட்டதில்லை என்றார். நாங்கள் வாரை அவிழ்த்து அவிழ்த்து, பார்க்க வேண்டிய நேரத்தை மட்டும் பார்க்காமல் விட்டிருக்கிறோம்.

மனுஷருக்கும் இப்படி வருமா என்று கேட்டேன். "யாருக்கு?" என்றார். உன்னைப் பற்றிச் சொன்னேன். ஓடும்போது விழுந்தாளா, ஓடி முடித்தா என்று கேட்டார். முடித்து நின்ற பிறகு என்றேன். எப்படிச் சோதித்தார்கள் என்று கேட்டார். மறுநாள் கட்டிலில் படுக்கவைத்து இதயத் துடிப்பைப் படம் எடுத்தார்கள், சரியாக இருந்தது, வெயில் என்று அனுப்பிவிட்டார்கள் என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. நீ விழுந்த அன்று காலையில்தான் போனில் குளிருகிறது, ஸ்வெட்டரைக் கழற்ற மனமில்லை என்று சொன்னாய். வெயில் எங்கிருந்து வந்தது, கண்ணு?

வீட்டில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா என்றும் கேட்டார். உன் சித்தப்பாவைச் சொன்னேன். உனக்கு அவன் வெறும் போட்டோ, நீ அப்போது கைக்குழந்தை. என் தம்பி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். பிடித்துவிட்டான். சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தானாம். டிக்கெட் கேட்ட கண்டக்டர் தூங்குகிறான் என்று நினைத்துத் தோளைத் தட்டியிருக்கிறார். அப்போது அவனுக்கு, இப்போது உனக்கு இருக்கும் வயதைவிட நாலைந்து வயதுதான் கூட. காற்று கருப்பு என்று சொன்னார்கள், விதி என்று சொன்னார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "பெரியவரே, நான் குதிரைக்கும் நாய்க்கும் டாக்டர். உங்க பொண்ணுக்கு என்னன்னு நான் சொல்லக் கூடாது, எனக்குத் தெரியவும் தெரியாது. ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனா அவ என் தங்கச்சியா இருந்தா, இன்னைக்கே ஓடுறத நிறுத்தச் சொல்லி, இதய டாக்டர்கிட்ட கையப் புடிச்சு இழுத்துட்டுப் போவேன்" என்றார். அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார்.

மிளகாயின் முதலாளி வந்தார். "ஓடுற குதிரைய நிறுத்தச் சொன்னா எப்படி? அடுத்த பந்தயத்துக்குப் பேர் குடுத்தாச்சு" என்று குதித்தார். டாக்டரம்மா திரையில் அந்தக் கோட்டை ஓடவிட்டுக் காட்டினார். மனுஷன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அவளுக்கு வலிச்சிருக்குமா?" என்று மட்டும் கேட்டார். பந்தயத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டார். மருந்தும் ஓய்வும் கொடுத்துப் பார்க்கிறார்கள். மறுபடி ஓடலாம், ஓடாமலும் போகலாம். வாயில்லாத ஜீவன், காலை நடுக்கித்தான் சொல்ல முடிந்தது. நீ வாயை வைத்துக்கொண்டு மறைக்கிறாய்.

உன் தேர்வு ஓட்டம் நெருங்கிவிட்டது, தெரியும். இதைச் சொன்னால் பயிற்சியாளர் உன்னை அணியிலிருந்து நிறுத்திவிடுவார் என்று பயப்படுகிறாய், அதுவும் தெரியும். இருட்டோடு எழுந்து ஓடிய பிள்ளை நீ. மற்ற பிள்ளைகள் சினிமாவுக்குப் போனபோது கால் வீக்கத்துக்கு ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை. அதைத் தூக்கிப் போடு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்று நடந்துகொண்டே இருக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன்.

தையல்காரம்மாவிடம் அழுதேன். "அண்ணே, அந்தப் பயிற்சியாளருக்கே ஒரு போன் போட்டா முடிஞ்சுதே" என்றார். எண்ணை அழுத்தினேன், மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டேன். நாய்க்காரர் பிடித்துக்கொண்டார். "யோவ் மச்சான், புள்ள கோவிச்சுக்கும்னு பயப்படுறியா? கோவம் பெருசா, உசுரு பெருசா?" என்றார். அவருக்குப் பிள்ளை இல்லை, சுலபமாகச் சொல்லிவிட்டார். ஆனால் சரியாகச் சொல்லிவிட்டார்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். கிடைத்த அன்றே ஓட்டத்தை நிறுத்து. பயிற்சியாளரிடம் நீயே போய்ச் சொல். இதய டாக்டரிடம் போனால், படுக்கவைத்துப் பார்த்துவிட்டு அனுப்பவிடாதே. நின்ற பிறகுதான் விழுந்தேன் என்று சொல், சித்தப்பாவைப் பற்றியும் சொல். ஓடவைத்துப் பார்ப்பதா, எப்படிப் பார்ப்பதா, அதை அவர்கள் முடிவு செய்யட்டும், அவர்கள் கண் முன்னால். நீயாக ஓடிப் பார்க்காதே. கடிதம் கிடைத்த மறுநாள் சாயங்காலம் வரை உன் போனுக்காகக் காத்திருப்பேன். வராவிட்டால் பயிற்சியாளரிடம் நானே பேசுவேன். உனக்குத் தெரியாமல் செய்யவில்லை, உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்கிறேன். அதற்காக நீ என்னோடு பேசாமல் இருந்தால் இரு. அப்பாவை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. எனக்குப் படிக்கத் தெரியும் இப்போது, திட்டி எழுதினாலும் படிப்பேன்.

ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால், கிழவன் பேத்தினான் என்று உன் தோழிகளோடு சேர்ந்து சிரி. நானும் வந்து சேர்ந்து சிரிக்கிறேன்.

உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் நாம் இரண்டு பேர். அதற்கு மேல் எழுத வரவில்லை, விரலைக் குறை சொல்லிக்கொள்கிறேன்.

நீ நூறு வயது இருக்க வேண்டும். வேகமாக இருந்தாலும் சரி, மெதுவாக இருந்தாலும் சரி. நன்றாக இரு, என் கண்ணு.

நீ பேசினாலும் பேசாவிட்டாலும் அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன். இதைவிடக் கொஞ்சம் நேராக எழுதப் பார்க்கிறேன். உறையைப் பிரிக்க நீ இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா